வாக்குரிமை வந்த வழியும் போன வழியும்

பொதுத் தேர்தலொன்று அண்மிக்கும் காலத்திலே எமது நாட்டில் வழங்கும் பேச்சுக்களைக் கூர்ந்து கவனிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். அபேட்சகர் யார், அவர் எந்த ஊரவர், எந்தக் கட்சியினர், எதைத் தருவதாகச் சொல்கிறார் என்பனவெல்லாம் சந்தியிலும் சந்தையிலும் ஆராயப்படுகின்றன. ஆனால், அந்த அபேட்சகருக்கு நேரே புள்ளடியிடும் உரிமை எம் கைக்கு எவ்வாறு வந்தது, யார் கைக்கு வராமல் தடுக்கப்பட்டது, வந்த பின்னர் யார் கையிலிருந்து பறிக்கப்பட்டது என்பவற்றை ஆராய்வார் மிகச் சிலர். வாக்குரிமை என்பது காற்றும் மழையும் போல இயற்கையில் அமைந்த ஒன்று என்ற நினைப்பே இதற்குக் காரணமாகும். இந்நினைப்பு தவறானது மட்டுமன்று, ஆபத்தானதுமாகும்.

இலங்கையின் தேர்தல் வரலாற்றை நோக்கும்போது, வாக்காளர் ஒவ்வொருவரும் வாக்குச் சாவடிக்குப் போகுமுன் விடை கண்டிருக்க வேண்டிய வினாக்கள் நான்கு எழுகின்றன. வாக்காளர் இடாப்பில் இடம் பெற்றோர் யார்? அதிலிருந்து நீக்கப்பட்டோர் யார்? இட்ட வாக்கு எவ்வாறு ஆசனமாக மாறுகின்றது? கொடுத்த ஆணை எவ்வளவு காலத்துக்குச் செல்லும்? இந்நான்கையும் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே எமது நோக்கமாகும்.

இங்கிலாந்தினர் 1833ஆம் ஆண்டிலே சட்டநிரூபண சபையை நிறுவியபோது அதில் மக்களால் தெரிவு செய்யப்பட்டோர் ஒருவரேனும் இருக்கவில்லை. தேசாதிபதி விரும்பியோரே அங்கத்தவராயினர். முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக இந்நிலை நீடித்தது. 1911ஆம் ஆண்டிலேதான் கற்ற இலங்கையருக்கென ஓர் ஆசனம் ஒதுக்கப்பட்டுத் தேர்தல் நடைபெற்றது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதிலே வெற்றியீட்டினார். தமிழர் ஒருவர் நாடு முழுவதற்குமான ஆசனத்தை வென்றார் என்று அவ்வெற்றியை இன்றும் பெருமையோடு பேசுகின்றோம். அத்தேர்தலில் வாக்களிக்கத் தகுதி பெற்றோர் ஏறக்குறைய மூவாயிரம் பேரே என்பதைப் பேசுவதில்லை. ஆங்கிலக் கல்வியும் சொத்தும் படைத்தோரின் தேர்தல் அது. உழுதவனும் மரமேறியவனும் கொழுந்து கொய்தவளும் அந்தக் கணக்கிலே சேர்க்கப்படவில்லை. 1924ஆம் ஆண்டளவில் வாக்காளர் தொகை இரண்டு இலட்சமளவாக உயர்ந்தது. அப்பொழுதும் அது நாட்டு மக்களில் நூற்றுக்கு நான்கு பேரே ஆகும்.

இந்நிலையில் 1927ஆம் ஆண்டின் இறுதியில் டொனமூர் ஆணைக்குழுவினர் இலங்கைக்கு வந்தனர். அவர்கள் முன் சாட்சியம் கூறிய எமது தலைவர்கள் கேட்டது என்ன என்பதை இன்றைய வாக்காளர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். சுயாட்சி கோரிய இலங்கைத் தேசிய காங்கிரஸின் பெருமக்கள், வருமானமும் சொத்தும் கல்வியும் உடையோருக்கு மாத்திரம் வாக்குரிமையைக் கொடுத்தாற் போதும் என்றனர். ஆட்சி தமது கைக்கு வரவேண்டும், ஆனால் வாக்கு ஏழைகளின் கைக்குப் போகக்கூடாது என்பதே அவர்களின் எண்ணமாயிருந்தது. கொழும்புத் தொழிலாளரின் தலைவராக விளங்கிய ஏ. ஈ. குணசிங்காவே வளர்ந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று வற்புறுத்தினார்.

பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தாரும் ஆணைக்குழுவின் முன் தோன்றினர். அவர்களுள் ஒருவரான அக்னஸ் த சில்வாவிடம், தோட்டத்திலே கூலி வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் இவ்வுரிமை வேண்டுமென்கிறீர்களா என்று டொனமூர் பிரபு வினவினார். அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்துப்பட அவர் விடையிறுத்தார். வசதி படைத்த குடும்பத்திலே பிறந்து கண்டியில் வாழ்ந்த அப்பெண்மணி, தாம் கேட்கும் உரிமையிலே பிறரின் பங்கை வெட்டிவிட்டுத் தமது பங்கை மட்டும் பெற்றுக்கொள்ள எண்ணவில்லை. இந்தச் சிறிய விடை எமது அரசியல் வரலாற்றில் நினைக்கத்தக்க பெரிய விடைகளுள் ஒன்றாகும். இருபது ஆண்டுகளின் பின்னர் எமது பாராளுமன்றத்திலே இவ்வினா வேறு வடிவில் எழுந்தபோது பலர் வேறு விடை கூறினர். அதனைப் பின்னர்ப் பார்ப்போம்.

சர்வசன வாக்குரிமையை எதிர்த்தோருள் இராமநாதனும் ஒருவர். கல்வி, சைவம், பெண் கல்வி ஆகிய துறைகளிலே அவர் ஆற்றிய பணியை எவரும் குறைத்துக் கூறார். ஆயினும், எழுத்தறியாதார்க்கும் ஏழைகளுக்கும் வாக்களித்தால் நாடு கெடும் என்ற எண்ணத்தில் அவர் உறுதியாக நின்றார். அவர் பின்னே யாழ்ப்பாணத்தின் உயர்சாதிச் சமூகம் நின்றது. ஆலயத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவனும் கிணற்றிலே தண்ணீர் அள்ளத் தடுக்கப்பட்டவனும் வாக்குச் சாவடியிலே தமக்குச் சமமாக வரிசையில் நிற்பதை அச்சமூகத்தாரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சட்டநிரூபண சபையில் 1929ஆம் ஆண்டு டிசம்பரிலே டொனமூர்த் திட்டம் 19 வாக்குகள் சார்பாகவும் 17 வாக்குகள் எதிராகவும் பெற்று ஏற்கப்பட்டது. இரண்டு வாக்குகளாலே தப்பிய திட்டத்தின் வழியாகவே பெரும்பான்மையான இலங்கையர்க்கு வாக்குரிமை கிடைத்தது.

1931ஆம் ஆண்டு யூன் மாதத்திலே அரசாங்க சபைக்கான தேர்தல் நடைபெற்றது. இரண்டு இலட்சமாக இருந்த வாக்காளர் தொகை பதினைந்து இலட்சத்துக்கு மேலாயிற்று. இருபத்தொரு வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்களித்தனர். ஆசியாக் கண்டத்தில் இவ்வுரிமையை முதலிற் பெற்ற நாடு இலங்கையே. இங்கிலாந்துப் பெண்கள் ஆண்களோடு சமமான வாக்குரிமை பெற்று அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. எழுத்தறியாதாரின் பொருட்டு அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறப் பெட்டி வைக்கப்பட்டது.

அந்த வாக்கு என்ன செய்தது? ஏழையிடம் வாக்குக் கேட்டுப் போக வேண்டிய கட்டாயம் ஏற்பட்டபின், ஏழையின் பிள்ளைக்குப் பாடசாலை வேண்டும், நோயுற்றவனுக்கு வைத்தியசாலை வேண்டும் என்ற சிந்தனை ஆட்சியாளருக்குத் தோன்றியது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. மூவாயிரம் பேர் வாக்களித்த காலத்தில் அப்படியொரு சட்டம் பிறந்திருக்குமா என்பதைச் சிந்தித்தல் வேண்டும். கிராமத்துப் பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகம் வரை சென்ற எம் போன்றோரின் கல்விக்கு 1931ஆம் ஆண்டின் வாக்கே வித்தாகும்.

அம்முதல் தேர்தலிலே யாழ்ப்பாணம் வாக்களிக்கவில்லை. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் நியமனப் பத்திரம் எதுவும் தாக்கல் செய்யப்படவில்லை. டொனமூர்த் திட்டம் பூரண சுயராச்சியத்தைத் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்காரத்தை அறிவித்திருந்தது. அவ்வாலிபர்கள் தூய நோக்கினர். சாதியையும் இனவாதத்தையும் எதிர்த்து நின்றோர். அவர்களின் இலட்சியத்தை நாம் போற்றுகின்றோம். ஆயினும் விளைவை மறைத்தல் ஆகாது. தென்னிலங்கையிலே பகிஷ்காரம் பரவவில்லை. மந்திரிமார் தெரிவு செய்யப்பட்டனர். நிருவாகக் குழுக்கள் அமைந்தன. வடக்கின் ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. 1934ஆம் ஆண்டில் அத்தொகுதிகளுக்குத் தேர்தல் நடந்தபோது சபையிற் புகுந்தோருள் முதன்மை பெற்றவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். வாலிபர் காங்கிரஸின் தேசிய இலட்சியம் பின்தள்ளப்பட்டு, ஆசன விகிதாசாரத்தைப் பேசும் அரசியல் முன்னுக்கு வந்தது. ஒருவன் வாக்களியாது விட்டால் அவனது இடம் அவனுக்காகக் காத்திராது என்பதே இதன் பாடமாகும்.

அறுபது ஆண்டுகளின் பின்னரும் இப்பாடம் மீண்டும் கிடைத்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த 1994ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவு பெற்ற வாக்காளருள் நூற்றுக்கு மூன்று பேர்கூட வாக்களிக்கவில்லை. ஆனால் ஆசனங்கள் வெறுமையாக விடப்படவில்லை. பத்தாயிரத்துச் சொச்சம் வாக்குகளைப் பெற்ற ஒரு குழுவினர்க்கு ஒன்பது ஆசனங்கள் கிடைத்தன. 2005ஆம் ஆண்டின் சனாதிபதித் தேர்தலில் விடுதலைப் புலிகளின் பகிஷ்கரிப்பின் கீழ் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களிப்பு ஏறக்குறைய நின்றே போயிற்று. அத்தேர்தலின் வெற்றி ஒரு இலட்சத்து எண்பதாயிரமளவான வாக்குகளால் முடிவாயிற்று. வாக்களியாமையும் ஒரு வாக்காகவே எண்ணப்படுகிறது. அது யாருக்குச் சேர்கின்றது என்பதை மட்டும் வாக்களியாதவன் தீர்மானிப்பதில்லை.

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். இடாப்பிலிருந்து நீக்கப்பட்டோர் யார்?

1931ஆம் ஆண்டிலேயே தோட்டத் தொழிலாளர்க்கு வாக்குரிமை முழுமையாகக் கொடுக்கப்படவில்லை. இலங்கையை நிலையான இருப்பிடமாகக் கொண்டவர் என்றோ, ஐந்தாண்டு வாசத்தோடு நிலையாகத் தங்கும் எண்ணமுடையவர் என்றோ காட்டுதல் வேண்டும் என்ற நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. எனினும் ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் இடாப்பிற் சேர்ந்தனர். பெரி. சுந்தரம் அட்டன் தொகுதியிலிருந்து சபைக்குச் சென்று மந்திரியாகவும் விளங்கினார். 1936இல் கோ. நடேசய்யர் அத்தொகுதியை வென்றார். துண்டுப் பிரசுரங்களாலும் பத்திரிகைகளாலும் தோட்டத் தொழிலாளரைத் தட்டியெழுப்பியவர் அவர்.

சோல்பரி அரசியலமைப்பின் கீழ் 1947ஆம் ஆண்டிலே முதற் பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்றது. தெரிவு செய்யப்படும் ஆசனங்கள் 95. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 42 ஆசனங்களே கிடைத்தன. அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. மலைநாட்டுத் தொகுதிகள் சிலவற்றிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸின் பிரதிநிதிகள் சபை புகுந்தனர். சௌ. தொண்டமானும், எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் அவர்களுட் சிலர். தோட்டங்களை அண்டிய வேறு பல தொகுதிகளிலே தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி அபேட்சகர்களுக்குத் துணை நின்றன. துரைமாருக்கும் நிலவுடைமையாளருக்கும் இது அச்சத்தை விளைத்தது.

சுதந்திரம் கிடைத்து ஓராண்டு நிறையுமுன்னரே அவ்வச்சம் சட்டமாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிலே பிறந்தமை மட்டும் பிரசாவுரிமைக்குப் போதாது என்றது. தந்தையார் இலங்கையிலே பிறந்தார், அன்றேல் தந்தை வழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இலங்கையிலே பிறந்தனர் என்று நிறுவுதல் வேண்டும். லயன் அறையிலே பிறந்து லயன் அறையிலே இறந்தவர்களின் பிள்ளைகள் எந்தப் பத்திரத்தைக் காட்டுவர்? அடுத்து வந்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம். மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது வசித்தமையைக் காட்டிப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது அது. விண்ணப்பித்தோர் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர். 1960களின் முற்பகுதி வரையில் அதன்கீழ்ப் பிரசாவுரிமை பெற்றோர் ஏறக்குறைய 1,34,000 பேர். மூன்றாவதாக, அதே 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரசைகள் அல்லாதார் வாக்காளர் இடாப்பில் இடம்பெறலாகாது என்றது. முதற் சட்டத்தில் வாக்குரிமை என்ற சொல் பெரிதாக எழவில்லை. மூன்றாவது சட்டம் வந்தபோதே கதவு முற்றாக அடைபட்டது. உரிமையைப் பறிப்போர் ஒரே நாளில் ஒரே சட்டத்தாற் பறிப்பதில்லை என்பதை வாக்காளர் குறித்துக்கொள்ளுதல் நன்று.

இச்சட்டங்களை எதிர்த்துச் சமசமாசிகளும் கம்யூனிஸ்டுகளும் வாக்களித்தனர். தென்னிலங்கைத் தொகுதிகளிலிருந்து வந்த என். எம். பெரேராவும் பீற்றர் கெனமனும் தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காகப் பேசினர். பிரசாவுரிமைச் சட்டத்தை 1948 ஓகஸ்டிலே எதிர்த்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் அடுத்த மாதமே மந்திரியானார். அவ்வாண்டு டிசம்பரிலே இரண்டாவது மசோதா வந்தபொழுது அதனை ஆதரித்து வாக்களித்தார். இக்காரணத்தாலே தமிழ்க் காங்கிரஸ் பிளவுற்றது. எஸ். ஜே. வி. செல்வநாயகம், கு. வன்னியசிங்கம், இ. மு. வி. நாகநாதன் முதலானோர் பிரிந்து சென்று 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடக்கினர். இன்று மலையகத் தமிழருக்கு நடப்பது நாளை மொழியின் பெயரால் எமக்கு நடக்கும் என்ற எச்சரிக்கையை அவர்கள் விடுத்தனர். ஏழாண்டுகளில் அது மெய்யாயிற்று.

அது மெய்யான வழியை விளக்குதல் அவசியம். எழுபத்தையாயிரம் மக்களுக்கு ஓர் ஆசனம், ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்பது சோல்பரித் திட்டத்தின் அளவை. இங்கு எண்ணப்பட்டோர் மக்கள், வாக்காளர் அல்லர். எனவே தோட்டத் தொழிலாளர் வாக்கிழந்த பின்னரும், அவர்களின் தலைகளை எண்ணி வகுத்த ஆசனங்கள் மலைநாட்டிலே அப்படியே இருந்தன. அவற்றிற்கு வாக்களித்தோர் எஞ்சியிருந்த ஏனையோரே. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஒருவரும் சபைக்குச் செல்ல முடியவில்லை. தொழிலாளர் தலைவர்கள் அவ்வாண்டிலே சத்தியாக்கிரகம் செய்தனர். கோடகன்பிள்ளை என்பார் தொடுத்த வழக்கு இங்கிலாந்தின் கோமறை மன்றம் வரை சென்றது. சிறுபான்மையினர்க்குக் காப்பாக இருக்குமென நம்பப்பட்ட அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு அவர்களைக் காக்கவில்லை. 1953இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. எழுதிவைத்த காப்பு, எடுத்து வாதாடும் வாக்குப் பலமில்லாவிடின், ஏட்டிலே நின்றுவிடும் என்பதற்கு இவ்வழக்குச் சான்றாகும்.

மலைநாட்டு வாக்கு நீங்கிய பின்னர்ச் சிறுபான்மையினரின் ஆதரவை வேண்டாமலே தெற்கிலே ஆட்சி அமைக்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. அதனாலே 1956ஆம் ஆண்டில் இரு பெருங் கட்சிகளும் சிங்களம் மட்டும் என்ற சுலோகத்திற் போட்டியிட்டன. அவ்வாண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் அப்போட்டியின் விளைவாகும். வடக்கிலே பதவிக்காக மலைநாட்டுத் தொழிலாளரைக் கைவிட்டோர் தம் பலத்தின் ஒரு பாதியையே வெட்டியெறிந்தனர் என்பது அப்போதுதான் பலருக்கு விளங்கியது. அத்தொழிலாளர் மட்டும் தனியே நட்டமடையவில்லை. இடாப்பிலிருந்து ஒரு பெயர் நீங்கும்போது எஞ்சிய பெயர்களின் பலமும் குறைகின்றது.

அந்த உரிமை மீண்ட வழி நெடியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை நாடற்றோராகக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை இரு அரசுகளும் 1974இல் பாதி பாதியாகப் பங்கு கொண்டன. பங்கிடப்பட்டோரிடம் எவரும் வாக்குக் கேட்கவில்லை. அவர்களுக்கு வாக்கே இருக்கவில்லை. 1977ஆம் ஆண்டில் தொண்டமான் மீண்டும் மக்களாலே தெரிவு செய்யப்பட்டார். இடையிலே முப்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமுமே நாடற்றோர் என்ற நிலையைச் சட்டத்திலே தீர்த்து வைத்தன. பறிப்பதற்கு ஓராண்டு போதியது. மீட்பதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வேண்டியிருந்தது.

வடக்கிலும் இடாப்பிலே பெயர் இருந்தும் பிரதிநிதித்துவம் கிடையாதோர் இருந்தனர். ஒடுக்கப்பட்ட சாதியினர் 1931 முதல் வாக்களித்தனர். அவர்களின் வாக்கைக் கேட்டோர் பலர். அவர்களை அபேட்சகராக நிறுத்தியோர் அரியர். சிறுபான்மைத் தமிழர் மகாசபையைச் சேர்ந்த எம். சி. சுப்பிரமணியம் 1970இல் நியமன அங்கத்தவராகவே பாராளுமன்றம் சென்றார். 1977இல் உடுப்பிட்டியிலிருந்து த. இராசலிங்கம் தெரிவு செய்யப்பட்டபோது சர்வசன வாக்குரிமைக்கு வயது நாற்பத்தாறு. பெண்களின் நிலையும் இதுவே. 1932இலே நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்தும், 2024இல் தெரிவான பாராளுமன்றத்தில் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற அளவைப் பெண்கள் எட்டவில்லை. வாக்களிக்கும் உரிமையும் தெரிவு செய்யப்படும் வாய்ப்பும் ஒன்றல்ல.

மூன்றாவது வினா, வாக்கு ஆசனமாகும் முறை பற்றியது. தொகுதிவாரித் தேர்தல் நடைபெற்ற காலத்தில் 1970ஆம் ஆண்டிலே ஐக்கிய முன்னணி நாட்டு வாக்குகளில் அரைவாசியை அண்மிய பங்கைப் பெற்று 116 ஆசனங்களை வென்றது. மூன்றிலொரு பங்குக்கு மேலான வாக்குகளைப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்கு 17 ஆசனங்களே கிடைத்தன. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி அரைவாசியிற் சற்றே மேலான வாக்குகளைப் பெற்று 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றியது. அரைவாசி மக்களின் ஆணை, அரசியலமைப்பையே மாற்றும் பலமாக மாறியது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அவ்விதம் பிறந்ததே.

அதன்கீழ் வந்த விகிதாசார முறையில், 225 ஆசனங்களுள் 196 மாவட்டங்களுக்கும் 29 தேசியப் பட்டியலுக்கும் உரியன. மாவட்டத்தில் முதலிடம் பெறும் பட்டியலுக்கு ஓர் ஆசனம் மேலதிகமாகச் சேரும். நூற்றுக்கு ஐந்து வீதத்துக்குக் குறைந்த வாக்குப் பெற்ற பட்டியல் ஆசனப் பங்கீட்டிற் சேராது. எஞ்சியவை விகிதப்படி பகிரப்படும். வாக்காளர் முதலிற் கட்சிக்கு அல்லது சுயேச்சைக் குழுவுக்குப் புள்ளடியிட்டு, அதன்பின் அப்பட்டியலைச் சேர்ந்த மூவர் வரைக்கும் விருப்பு வாக்கு இடலாம். பட்டியலுக்குப் புள்ளடியின்றி விருப்பு எண்ணை மட்டும் அடையாளமிட்டால் பயனில்லை.

இம்முறையின் இயக்கத்தை 2024ஆம் ஆண்டுத் தேர்தல் தெளிவாகக் காட்டியது. யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களுக்காக 44 பட்டியல்களில் 396 பேர் போட்டியிட்டனர். தேசிய மக்கள் சக்தி நாலிலொரு பங்கு வாக்குகளைப் பெற்று முதலிடம் அடைந்து மூன்று ஆசனங்களை வென்றது. வேறு மூன்று பட்டியல்களுக்கு ஒவ்வோர் ஆசனம் கிடைத்தது. எஞ்சிய நாற்பது பட்டியல்களுக்கு விழுந்த வாக்குகள், மொத்தத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவை, ஓர் ஆசனத்தையும் பெற்றுத் தரவில்லை. வென்றவர் யார் என்பது எமது வாதமன்று. அவர்களை ஆதரித்தோர் தக்க காரணங்களோடே ஆதரித்திருப்பர். பட்டியல்கள் பெருகப் பெருக வாக்கின் பலம் சிதறும் என்பதையே இக்கணக்கு உணர்த்துகின்றது. ஆசனங்களின் தொகையும் நிலையானதன்று. 1989இல் இம்மாவட்டத்துக்கு 11 ஆசனங்கள் இருந்தன, 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6. மாகாணமொன்றுக்கு நான்காக ஒதுக்கப்படும் 36 ஆசனங்கள் போக, ஏனைய 160 ஆசனங்கள் பதிவு பெற்ற வாக்காளரின் தொகைப்படியே மாவட்டங்களுக்குப் பகிரப்படுகின்றன. யுத்தத்தாலும் புலம்பெயர்வாலும் இடாப்பிலே பெயர் குறையக் குறைய ஆசனமும் குறைகின்றது. ஆகவே தேர்தல் அறிவிக்கப்பட்ட பின் அல்ல, ஆண்டுதோறும் இடாப்புத் திருத்தப்படும்போதே வாக்காளர் தமது பெயரைத் தேடிப் பார்த்தல் வேண்டும்.

நான்காவது வினா, ஆணையின் காலம் பற்றியது. 1970 மே மாதத்திலே ஐந்தாண்டுக்குத் தெரிவு செய்யப்பட்ட பாராளுமன்றம், 1972இல் தான் இயற்றிய அரசியலமைப்பின் மூலம் தன் ஆயுளை 1977 வரை நீட்டிக்கொண்டது. 1977இல் தெரிவான பாராளுமன்றம் 1982 டிசம்பர் 22இல் நடந்த சர்வசன வாக்கெடுப்பின் மூலம் மேலும் ஆறாண்டு ஆயுளைப் பெற்றது. நீட்டிப்புக்கு விளக்கும் மறுப்புக்குக் குடமும் சின்னங்களாயின. யாழ்ப்பாண மாவட்டத்திலே பெரும்பாலோர் குடத்துக்கே வாக்களித்தனர். நாடளாவிய கணக்கில் விளக்கு வென்றது. 1983 ஓகஸ்டில் ஆறாவது திருத்தம் விதித்த சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்தமையாலே தமிழர் விடுதலைக் கூட்டணியினர் தம் ஆசனங்களை இழந்தனர். அடுத்த பொதுத் தேர்தல் 1989இலேதான் நடந்தது. வாக்குக்கு வழியில்லாதிருந்த அவ்வாண்டுகளிலே துப்பாக்கி பேசியது. தேர்தல் மறுக்கப்பட்டமையே யுத்தத்தின் ஒரே காரணம் என்று நாம் கூறவில்லை. ஆயினும் வாக்கின் வழி அடைபட்டபோது இளைஞர் வேறு வழிகளை நாடினர் என்பதை மறுப்பாரில்லை.

இவ்வழக்கம் பழங்கதையாகிவிடவில்லை. 2018இல் வடமாகாண சபையின் காலம் முடிவுற்றபின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் நிதியில்லை என்ற காரணத்தால் நிறுத்தப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டிலே தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே மாதத்திலேதான் நடைபெற்றது.

இந்த வரலாற்றிலிருந்து வாக்காளர் கொள்ளவேண்டிய முடிபு யாது? பாலமும் தெருவும் உத்தியோகமும் தருவதாகக் கூறும் அபேட்சகரை அவற்றைப் பற்றி வினவுவது நியாயமே. அத்துடன் வேறு சிலவற்றையும் வினவுதல் வேண்டும். எவருடைய பெயரையேனும் இடாப்பிலிருந்து நீக்கும் சட்டம் வந்தால், அவர் எம்மவர் அல்லராயினும், எதிர்த்து வாக்களிப்பீரா? மந்திரிப் பதவி கிடைத்த பின்னரும் அவ்வாறே வாக்களிப்பீரா? உமது பட்டியலிலே ஒடுக்கப்பட்டோர்க்கும் பெண்களுக்கும் வெல்லக்கூடிய இடம் உண்டா? குறித்த காலத்தில் மீண்டும் எம்மிடம் வருவீரா, அல்லது சட்டத்தால் காலத்தை நீட்டுவீரா? இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை தராதவர் தெருவைப் போட்டுத் தந்தாலும், அத்தெருவால் நடந்து சென்று வாக்களிக்கும் உரிமையை எமக்குக் காத்துத் தருவார் என்பதற்கு உறுதியில்லை.

1928ஆம் ஆண்டிலே எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று கூறியோர் தாமும் பெற்றனர், பிறர்க்கும் பெற்றுக் கொடுத்தனர். 1948ஆம் ஆண்டிலே எமக்கு மட்டும் போதும் என்றிருந்தோர் பிறருடையதையும் இழந்தனர், தம்முடையதன் பலத்தையும் இழந்தனர். வாக்குச் சீட்டைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் இவ்விரண்டு ஆண்டுகளையும் மனத்திற்கொண்டு புள்ளடியிடுவாராக.